சிறு பிழையைச் சொல்வதும் புத்தாக்கமே

2010ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி காலை. சாங்கி விமான நிலையத்திலிருந்து சிட்னிக்குப் புறப்பட்டது குவான்டாஸ் நிறுவனத்தின் ஏ380 விமானம். மேலெழும்பிய சில நிமிடங்களில், இந்தோனீசியாவின் பாத்தாம் தீவுக்கு மேலே, அதன் நான்கு இயந்திரங்களில் ஒன்று வெடித்தது. சிதறிய உலோகத் துண்டுகள் இறக்கையைத் துளைத்து மின்கம்பிகளை அறுத்தன. எரிபொருள் தொட்டியிலும் ஓட்டை விழுந்தது. சில துண்டுகள் பாத்தாமில் குடியிருப்புகளின் மீது விழுந்தன. விமானத்தில் 440 பயணிகளும் 29 ஊழியர்களும் இருந்தனர்.

விமானிகள் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் போராடி, விமானத்தைச் சாங்கிக்கே திருப்பிக் கொண்டுவந்து பத்திரமாகத் தரையிறக்கினர். அதன் பிறகும் வேறோர் இயந்திரம் நிற்க மறுத்து ஓடிக்கொண்டே இருந்தது. தீயணைப்பாளர்கள் நீரும் நுரையும் பாய்ச்சி அதை அடக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நல்லவேளையாக, விமானத்திலும் தரையிலும் யாருக்கும் காயமில்லை.

அப்போது நான் பாலர் பள்ளி மாணவன். பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படிக்க வந்த பிறகுதான் அந்தச் சம்பவம் பற்றிய விசாரணை அறிக்கையைப் படித்தேன். அந்த இயந்திரம் அக்காலத்தின் மிகப் புதிய இயந்திரங்களில் ஒன்று. பல்லாண்டு கால ஆராய்ச்சியின் பலன்கள் அதில் இருந்தன. ஆனால், அதை வீழ்த்தியது ஒரு சிறு எண்ணெய்க் குழாய். அதன் சுவர் ஓரிடத்தில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக மெலிந்திருந்தது. அவ்வளவுதான்.

‘புத்தாக்கம்’ என்ற சொல்லை நாம் உயர்நிலைப் பள்ளியிலிருந்தே கேட்டு வளர்கிறோம். போட்டிச் சுவரொட்டிகளில், கட்டுரைத் தலைப்புகளில், சேர்க்கை நேர்காணல்களில் அது இல்லாத இடமில்லை. ஆனால், புத்தாக்கம் என்றால் புதிய யோசனை என்று மட்டுமே நம் மனத்தில் பதிந்திருக்கிறது. யோசனைக்கு அப்பால் அதற்கு இன்னும் இரண்டு பாதிகள் உண்டு என்பதே என் கருத்து. ஒன்று, அந்த யோசனையைப் பல ஆண்டுகள் சுமக்கும் பொறுமை. மற்றொன்று, செய்து முடித்ததில் உள்ள சிறு பிழையை மறைக்காமல் சொல்லும் நேர்மை. மூன்று பாதிகள் சேர்ந்தால் ஒன்றரை ஆகிவிடுமே என்று கணக்கு ஆசிரியர்கள் கோபிக்க வேண்டாம். புத்தாக்கம் நாம் நினைப்பதைவிடப் பெரியது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

இதற்கு எரிவாயு டர்பைனைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

வெப்பத்தோடு நடக்கும் போராட்டம்

தமிழில் விசையாழி எனப்படும் டர்பைன் இயங்கும் முறை எளிமையானது. முன்புறம் காற்றை இழுத்து அழுத்த வேண்டும். அழுத்திய காற்றில் எரிபொருளைக் கலந்து எரிக்க வேண்டும். சூடேறி விரியும் வாயு, பின்னாலுள்ள டர்பைன் அலகுகளைச் சுழற்றிக்கொண்டு வெளியேறும். அந்தச் சுழற்சியின் ஒரு பகுதி முன்னாலுள்ள காற்றழுத்தியை ஓட்டும். மிச்சம் இருப்பதுதான் நமக்கு. அது விமானத்தைத் தள்ளலாம், அல்லது மின்சாரம் தரலாம்.

சிக்கல் அந்த ‘மிச்சத்தில்’தான் இருக்கிறது. 1939ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் நியூஷாடெல் நகரில், மின்சாரம் வழங்குவதற்கான முதல் எரிவாயு டர்பைனை பிரவுன் பொவேரி நிறுவனம் அமைத்தது. அதன் டர்பைன் ஏறத்தாழ 15.4 மெகாவாட் ஆற்றல் தந்தது. அதில் 11.4 மெகாவாட்டைக் காற்றழுத்தியே விழுங்கிவிட்டது. ஊருக்குக் கிடைத்தது 4 மெகாவாட். எரித்த எரிபொருளின் ஆற்றலில் 17 விழுக்காடு சொச்சமே மின்சாரமானது.

மிச்சத்தைக் கூட்ட வேண்டுமென்றால் வாயுவை இன்னும் சூடாக்க வேண்டும். சூடாக்கினால் அலகுகள் உருகும். எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் டர்பைன் ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்த ஒரே இக்கட்டுக்கு விடை தேடுவதுதான்.

இன்றைய விமான இயந்திரங்களில், அலகுகளைத் தாக்கும் வாயுவின் வெப்பம் 1,500 டிகிரி செல்சியசைத் தாண்டும். அலகு செய்யப்பட்ட நிக்கல் கலப்புலோகமோ அதற்கு முன்பே உருகிவிடக்கூடியது. பிறகு எப்படித் தாங்குகிறது? அலகின் உள்ளே நுண்ணிய வழிகள் உள்ளன. காற்றழுத்தியிலிருந்து எடுத்த, ஒப்பீட்டளவில் குளிர்ந்த காற்று அவற்றின் வழியே ஓடி, சிறு துளைகள் வழியாக வெளிவந்து அலகின் மேல் மெல்லிய போர்வைபோல் படர்கிறது. அலகின் வெளிப்புறத்தில் வெப்பம் தடுக்கும் பீங்கான் பூச்சும் உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. சாதாரண உலோகம் கோடிக்கணக்கான சிறு படிகங்களால் ஆனது. மிகுந்த வெப்பத்தில், சுழற்சி தரும் இழுவையில், அந்தப் படிகங்களின் எல்லைகளில்தான் உலோகம் முதலில் விட்டுக்கொடுக்கும். எல்லைகளே இல்லாவிட்டால்? பீங்கான் அச்சில் ஊற்றிய உலோகத்தை உலையிலிருந்து மிக மெதுவாக இறக்கி, அடியிலிருந்து மேல்நோக்கி உறையச் செய்கிறார்கள். அடியில் தோன்றும் பல படிகங்களில் ஒன்று மட்டும் மேலே செல்லும்படி, பன்றிவால்போல் சுருண்ட குறுகிய வழி ஒன்று அச்சில் இருக்கும். அதைக் கடந்து வரும் ஒற்றைப் படிகமே முழு அலகாக வளர்கிறது. அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தில் 1960களில் தொடங்கிய இந்த ஆய்வு, 1980களின் தொடக்கத்தில்தான் பயணிகள் விமானத்தில் ஏறியது. ஓர் அலகுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள்.

தோற்ற யோசனைகள்

பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரியான ஃபிராங்க் விட்டில், ஜெட் இயந்திரத்துக்குக் காப்புரிமை கோரியபோது அவருக்கு வயது 22. அது 1930ஆம் ஆண்டு. அரசாங்கம் அக்கறை காட்டவில்லை. 1935இல் காப்புரிமையைப் புதுப்பிக்க 5 பவுண்டு தேவைப்பட்டது. அவரிடம் அதற்கு வசதியில்லை. அரசாங்கமும் கொடுக்க மறுத்தது. காப்புரிமை காலாவதியானது. 1937இல் அவரது இயந்திரம் சோதனைக்கூடத்தில் ஓடியது. ஆனால், முதலில் ஜெட் விமானத்தைப் பறக்கவிட்டது ஜெர்மனி. 1939 ஆகஸ்டு 27ஆம் தேதி, ஹான்ஸ் ஃபான் ஓஹைன் உருவாக்கிய இயந்திரத்துடன் ஹைன்கெல் விமானம் பறந்தது. விட்டிலின் இயந்திரம் பூட்டிய விமானம் பறக்க 1941 மே மாதம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தின் கதை இன்னும் கசப்பானது. ஆர்பி211 இயந்திரத்தின் முன்விசிறி அலகுகளைக் கரிம இழையால் செய்ய அது 1960களின் இறுதியில் முயன்றது. எடை குறையும், எரிபொருள் மிச்சமாகும் என்பது கணக்கு. ஆனால், பறவை மோதலுக்கான சோதனையில் அலகுகள் நொறுங்கின. தைட்டானியத்துக்கு மாற வேண்டியதாயிற்று. செலவும் தாமதமும் கழுத்தை நெரிக்க, 1971 பிப்ரவரியில் நிறுவனமே நொடித்துப்போனது. பிரிட்டிஷ் அரசாங்கம் அதைத் தேசியமயமாக்கிக் காப்பாற்றியது.

யோசனை தவறா? இல்லை. 1995இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஜிஇ90 இயந்திரம், கரிம இழைக் கலவையாலான விசிறி அலகுகளுடன் சேவைக்கு வந்தது. அதே யோசனைதான். இடைப்பட்ட கால் நூற்றாண்டில் வளர்ந்தவை பொருளறிவும் செய்முறையும். அலகின் முன்விளிம்புக்குத் தைட்டானியக் கவசம் போடக் கற்றுக்கொண்டார்கள்.

யோசனைக்கு மட்டும் பரிசு தரும் போட்டி ஒன்று 1970இல் நடந்திருந்தால், ரோல்ஸ்-ராய்ஸ் வென்றிருக்கும்.

நம் வாசலில்

இவையெல்லாம் எங்கோ ஐரோப்பாவில், அமெரிக்காவில் நடப்பவை என்று நினைக்க வேண்டாம். சிலேத்தாரில் 2012இல் திறக்கப்பட்ட ரோல்ஸ்-ராய்ஸ் வளாகத்தில் டிரென்ட் இயந்திரங்கள் பொருத்தப்படுகின்றன. பிரிட்டனுக்கு வெளியே அந்நிறுவனம் தனது உள்ளீடற்ற தைட்டானிய விசிறி அலகுகளைச் செய்யத் தொடங்கிய முதல் இடமும் அதுவே. தைட்டானியத் தகடுகளை உயர் வெப்பத்தில் ஒன்றோடொன்று இணைத்து, உள்ளே வாயுவைச் செலுத்தி ஊதி வடிவம் கொடுக்கிறார்கள். அப்பம் உப்புவதைப் போன்ற வேலைதான். ஆனால், தவறு செய்ய இடமில்லை. எல்லைக்கு அப்பால் சிலாங்கூரின் செரண்டாவில், அதே இயந்திரங்களின் விசிறி உறைகள் தயாராகின்றன. விமான இயந்திரப் பராமரிப்பில் சிங்கப்பூர் உலக மையங்களில் ஒன்று.

விமானம் ஏறாதவர்களும் டர்பைனை நம்பித்தான் வாழ்கிறார்கள். சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. பெரிய நிலையங்களில் டர்பைன் வெளிவிடும் சூட்டைக்கொண்டு நீராவி உண்டாக்கி, இரண்டாவது டர்பைனையும் ஓட்டுகிறார்கள். இந்தக் கூட்டு முறையில், 2016இல் பிரான்சின் பூஷான் நிலையம் 62 விழுக்காட்டைத் தாண்டிய செயல்திறனைக் காட்டியது. நியூஷாடெலின் 17 விழுக்காட்டிலிருந்து இங்கு வந்து சேர முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

அடுத்த சவாலும் வாசலில் நிற்கிறது. 2022 அக்டோபரில் நம் அரசாங்கம் தேசிய ஹைட்ரஜன் உத்தியை அறிவித்தது. புதிய எரிவாயு மின்னிலையங்கள், குறைந்தது 30 விழுக்காடு ஹைட்ரஜனைக் கலந்து எரிக்கக்கூடியவையாக இருக்க வேண்டும் என்ற விதியும் வந்துள்ளது. ஹைட்ரஜன் எரியும்போது கரியமில வாயு வராது. ஆனால், அதன் தீ வேகமாகப் பாயும். எரிபொருள் வரும் வழியிலேயே பின்னோக்கிப் புகுந்துவிடலாம். சூடு கூடினால் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கூடும். இதற்கான எரிகலன்களை வடிவமைக்க, செய்ய, சோதிக்க, பராமரிக்க ஆட்கள் வேண்டும். இன்று உயர்நிலைப் பள்ளியில் படிப்பவர்கள்தான் அந்த ஆட்கள்.

அறிக்கை சொன்னது

இனி அந்த எண்ணெய்க் குழாய்க்கு வருவோம்.

ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு தனது இறுதி அறிக்கையை 2013இல் வெளியிட்டது. டர்பைனின் சூடான பகுதியிலுள்ள தாங்கிகளுக்கு எண்ணெய் கொண்டுசெல்லும் குறுங்குழாய் அது. அதன் முனையில் வடிகட்டி பொருத்துவதற்காக உட்புறத்தைச் சற்று அகலமாகக் கடைவார்கள். அப்படிக் கடைந்தபோது மையம் விலகிவிட்டது. ஒரு பக்கச் சுவர் தடித்தும் மறுபக்கச் சுவர் மெலிந்தும் போனது. மெலிந்த இடத்தில் நாளடைவில் விரிசல் விழுந்தது. விரிசலில் கசிந்த எண்ணெய் சூட்டில் தீப்பற்றியது. அந்தத் தீ, டர்பைன் வட்டைத் தண்டோடு இணைக்கும் பகுதியைப் பலவீனமாக்கியது. பிடி விட்டுப்போன வட்டு கட்டுக்கடங்காமல் சுழன்று வெடித்தது.

ஆலையில் பரிசோதனையே இல்லையா? இருந்தது. ஆனால், வடிவமைப்பாளர் மனத்தில் வைத்திருந்த அளவீட்டுக் குறிப்பிடம் ஒன்று. ஆலையில் அளக்கும்போது எடுத்துக்கொண்ட குறிப்பிடம் வேறொன்று. தவறான இடத்திலிருந்து சரியாக அளந்திருக்கிறார்கள்.

அறிக்கையில் என்னை உலுக்கிய வரி இன்னொன்று. சிறியவை என்று தாங்களே தீர்மானித்த குறைபாடுகளை ஊழியர்கள் பதிவு செய்யாமல் விடலாம் என்ற பழக்கம் அந்த உற்பத்திப் பிரிவில் நிலவியது என்று விசாரணையாளர்கள் எழுதியிருந்தனர்.

அங்கே யாரும் சதி செய்யவில்லை, சோம்பேறிகளும் இல்லை. ‘இவ்வளவு சின்ன விஷயத்துக்கா?’ என்ற எண்ணம் மட்டுமே இருந்தது. இது ஒரு நிறுவனத்தின் நோயும் அல்ல. 2023இல் பிராட் அண்ட் விட்னி நிறுவனம், தன் புதிய வகை இயந்திரங்களின் வட்டுகளைச் செய்யப் பயன்படுத்திய உலோகத் தூளில் நுண்ணிய மாசு கலந்திருந்ததாக அறிவித்தது. 2015 இறுதியிலிருந்து 2021 வரை தயாரானவை பாதிக்கப்பட்டிருந்தன. அந்த இயந்திர வகையின் பெருமை, விசிறியை மெதுவாகவும் டர்பைனை வேகமாகவும் சுழலவிடும் பல்சக்கர அமைப்பு. அந்தப் புதுமையில் இந்தக் குறை இல்லை, தூளில்தான் இருந்தது. அதனால் பரிசோதனைக்காக உலகெங்கும் நூற்றுக்கணக்கான விமானங்கள் தரையில் நின்றன.

என் மேசையில்

இதைப் படித்துவிட்டு மற்றவர்களைக் குறை சொல்வது எளிது. எனக்கு அந்த உரிமை இல்லை.

இரண்டாம் ஆண்டு ஆய்வுக்கூடத்தில் சிறிய காற்றழுத்தி ஒன்றின் செயல்திறனை அளக்கும் பயிற்சி. எங்கள் குழு எடுத்த அளவீடுகளில் இரண்டு, கோட்டைவிட்டு எங்கோ விலகி நின்றன. ஒப்படைக்க வேண்டிய நாள் மறுநாள். ‘ஏதோ கை தவறியிருக்கும்’ என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டு, அந்த இரண்டு எண்களைக் கோட்டுக்கு அருகே நகர்த்தினோம். வளைகோடு அழகாக வந்தது. நல்ல மதிப்பெண்ணும் வந்தது.

பருவ இறுதியில், அந்தக் கருவியின் வெப்ப உணரி ஒன்று தளர்ந்திருந்தது தெரியவந்தது. எங்களுக்கு முன்னும் பின்னும் அதே பயிற்சியைச் செய்த நண்பர்களிடம் விசாரித்தேன். அவர்களில் சிலரும் எங்களைப் போலவே எண்களை ‘நகர்த்தி’ இருந்தார்கள். யாராவது ஒரு குழு, ‘இந்த இரண்டும் ஒத்துவரவில்லை, ஏனென்று தெரியவில்லை’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். முதல் வாரத்திலேயே உணரியைச் சரிசெய்திருப்பார்கள். ஒவ்வொரு குழுவும் தன் பிழையென நினைத்து மறைத்ததால், எல்லாருக்கும் பொதுவான பிழை பருவம் முழுக்க மறைந்தே கிடந்தது.

அங்கே எந்த இயந்திரமும் வெடிக்கவில்லை. ஆனால், குழாயை அளந்த ஊழியர் எந்தப் பழக்கத்தோடு ஆலைக்குப் போனாரோ, அந்தப் பழக்கத்தைத்தான் நான் ஆய்வுக்கூடத்தில் பயின்றுகொண்டிருந்தேன்.

‘எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தால் வேலை நடக்குமா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எந்த ஆலையிலும் எந்தப் பொருளும் வரைபடத்தில் உள்ளபடி துல்லியமாக வருவதில்லை. ஒவ்வொரு கீறலுக்கும் பொருளைத் தூக்கி எறிந்தால் ஓர் இயந்திரமும் வெளியே வராது. ஆனால், பிழையைச் சொல்வது வேறு, பொருளை நிராகரிப்பது வேறு. பதிவு செய்த குறைபாடுகளில் பல, கணக்கிட்டுப் பார்த்தபின் ஏற்றுக்கொள்ளப்படுகின்றன. அந்தக் கணக்கைப் போட வேண்டியவர், அந்த இடம் எவ்வளவு சுமை தாங்குகிறது என்று அறிந்தவர். கடைசல் இயந்திரத்தின் முன் நிற்பவருக்கு அது குறுங்குழாய். வடிவமைப்பாளருக்குத்தான் அது 469 உயிர்களின் பாதை என்று தெரியும். சொல்லாமல் விடும்போது, தனக்குத் தெரியாத ஒன்றைப் பற்றித் தானே தீர்ப்பு எழுதிவிடுகிறார்.

என்ன செய்யலாம்?

பள்ளிகளின் புத்தாக்கப் போட்டிகளில், முடிவில் வைக்கப்படும் மாதிரி வடிவத்துக்கு மட்டுமன்றி, தோல்விக் குறிப்பேட்டுக்கும் மதிப்பெண் தரலாம். எது உடைந்தது, எப்போது கண்டுபிடித்தோம், என்ன மாற்றினோம் என்று எழுதிய மாணவருக்கு, எதுவுமே உடையாததுபோல் காட்டுபவரைவிட ஒரு மதிப்பெண்ணாவது கூடக் கிடைக்க வேண்டும். ஆய்வுக்கூட அறிக்கைகளிலும் ஒத்துவராத அளவீட்டை அப்படியே எழுதுபவரைத் தண்டிக்கக்கூடாது. இது ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்.

வீட்டிலும் ஒன்று மாற வேண்டும். தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலோ பல்துறைத் தொழிற்கல்லூரியிலோ இயந்திரப் பராமரிப்பு படிப்பவரை, ‘மேலே போக முடியாததால் அங்கே போனவர்’ என்று பேசும் வழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் மறையவில்லை. இயந்திரத்தின் உள்ளே விளக்குக் குழாயைச் செலுத்தி, முடியளவு விரிசலைக் கண்டுபிடித்து, ‘இதை ஓடவிடக்கூடாது’ என்று கையெழுத்திடுபவர் அவர்தான். அவர் சொல்லுக்கு விமானம் நிற்கும். அவர் வாய் திறக்கத் தயங்கினால், வடிவமைத்தவரின் முனைவர் பட்டத்தால் யாரையும் காப்பாற்ற முடியாது. கையில் எண்ணெய் படிவது தாழ்வு என்று சொல்லி வளர்த்துவிட்டு, அதே கையால் தலைநிமிர்ந்து பிழையைச் சுட்டிக்காட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது எப்படி?

மாணவர்களாகிய நாம் செய்ய வேண்டியது இவற்றைவிடச் சிறியது. அடுத்த முறை ஓர் எண் கோட்டைவிட்டு விலகி நின்றால், அதை அங்கேயே விடுவோம். பக்கத்தில் ஒரு வரி எழுதுவோம்: ‘இது ஏனென்று தெரியவில்லை.’ நானும் இந்தப் பருவத்திலிருந்து அப்படித்தான் எழுதுகிறேன். ஒருமுறை மதிப்பெண் குறைந்தது. ஒருமுறை ஆய்வுக்கூட உதவியாளர் வந்து, கருவியைத் திறந்து பார்த்து, உள்ளே கழன்றிருந்த கம்பியை இணைத்துவிட்டுப் போனார். அடுத்து வந்த குழுவுக்கு எண்கள் ஒத்துவந்தன.